குதிரைக்கு எப்போது கம்பளி?

ஊட்டி ஏரிக்கரையில் சவாரிக் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். எங்க சித்தப்பாவும் ஒரு குதிரை வைத்திருக்கிறார். போன ஐப்பசியில் ஒருநாள் ராத்திரி எனக்கு ரொம்பக் குளிர்ந்தது. உடனே ஓடிப்போய் குதிரைக்கும் கனமான கம்பளியைப் போர்த்திக் கட்டிவிட்டேன். காலையில் பார்த்தால் உள்ளே தொப்பலாக வியர்த்திருந்தது! அந்த ஈரத்தோடு வெளியே நின்றதும் நடுங்க ஆரம்பித்துவிட்டது. சித்தப்பா திட்டவில்லை. "உனக்குக் குளிருதுன்னா அதுக்கும் குளிருமாடா?" என்று மட்டும் கேட்டார்.

குதிரையின் உடல் வெப்பம் சுமார் 38 டிகிரி செல்சியஸ். தின்ற புல் பெருங்குடலில் நொதிக்கும்போதே சூடு உண்டாகிறது. குளிரில் முடி சிலிர்த்து நின்று, இடையில் காற்றைப் பிடித்து வைக்கும். அதுதான் அதற்கு ஸ்வெட்டர். அடர்ந்த முடியுள்ள நல்ல குதிரை, உடம்பு காய்ந்திருந்தால், 5 டிகிரி குளிரைக்கூடச் சும்மா தாங்கும்.

ஆனால் மழையில் நனைந்தால் முடி படிந்துவிடும், காற்றும் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையோடு காற்றும் அடித்தால் உறைபனி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதலில் நன்றாகத் துடைக்கணும், அப்புறம்தான் போர்த்தணும். கிழக்குதிரை, மெலிந்த குதிரை, குட்டி, முடி வெட்டிய குதிரை இவற்றுக்கு முன்னாடியே போடணும்.

காதைத் தொட்டு மட்டும் முடிவு செய்யாதீங்க. முன்னங்காலுக்குப் பின்னால் விலாவில் கையை வையுங்கள். கதகதப்பாக இருந்தால் கம்பளி வேண்டாம். சில்லென்று இருந்தாலோ, நடுங்கினாலோ போர்த்துங்கள்.

இந்த வருஷம் சித்தப்பா அந்த வேலையை என்னிடமே விட்டிருக்கிறார். தினமும் ராத்திரி 8 மணிக்குக் கையை வைத்துப் பார்க்கிறேன். கம்பளி இன்னும் மூட்டையில்தான் இருக்கிறது.

– 9ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்