நட்சத்திரக் கருவறைகளின் காந்தப் புலம்: நைனிதாலில் ஒரு நெடும்பணி

புதுதில்லி: உத்தரகண்ட் மாநிலம் நைனிதாலை அடுத்த மனோரா சிகரத்தில் 1972-இல் நிறுவப்பட்ட 104 செ.மீ. தொலைநோக்கி, இன்றைய உலக அளவுகோலில் மிகச் சிறியது. ஆயினும், நட்சத்திரங்கள் பிறக்கும் முகில்களில் பரவியுள்ள காந்தப் புலத்தை வரைபடமாக்குவதில் இந்தியா ஆற்றியுள்ள பங்கில் கணிசமான பகுதி இதைச் சார்ந்ததே.

நமது பால்வீதியில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சூரியன்களின் நிறைக்கு ஈடான நட்சத்திரங்களே பிறக்கின்றன. முகில்களில் உள்ள வாயு, தன் ஈர்ப்பு விசைக்கு மட்டுமே ஆட்பட்டுச் சரியுமானால், அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல் பிறந்தாக வேண்டும். தடுப்பது வாயுவின் கொந்தளிப்பா, காந்தப் புலமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. இத்தனைக்கும் அப்புலத்தின் வலிமை, பூமியின் காந்தப் புலத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்.

கண்ணுக்குப் புலப்படாத இப்புலத்தைத் தூசு காட்டிக் கொடுக்கிறது. முகிலில் மிதக்கும் நீள்வடிவத் துகள்கள், புலத்துக்குக் குறுக்காக அணிவகுக்கின்றன. பின்னாலுள்ள நட்சத்திரத்தின் ஒளி அவற்றினூடே வரும்போது, புலத்தின் திசையிலான அதிர்வு சற்றே மிகுந்து வருகிறது. தளவிளைவு எனப்படும் இம்மாற்றம் பெரும்பாலும் ஒரு சில சதவீதமே. அமெரிக்க வானியலாளர்கள் ஹில்ட்னரும் ஹாலும் 1949-இல் இதைக் கண்டறிந்து வெளியிட்டனர்.

திசை தெரிந்தது; வலிமையை அளப்பது எப்படி? சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சுப்ரமணியன் சந்திரசேகரும் என்ரிகோ ஃபெர்மியும் 1953-இல் அதற்கு வழி சொன்னார்கள். இழுத்துக் கட்டிய கயிறு காற்றில் அதிகம் ஆடாது. தளர்ந்த கயிறு ஆடும். அதுபோல, திசைகளின் சிதறல் குறைவாக இருந்தால் புலம் வலிமையானது. சில திருத்தங்களுடன் இன்றும் இம்முறையே கையாளப்படுகிறது. வெண்குறு விண்மீன்களுக்கு வகுத்த நிறை எல்லைக்காகவே அறியப்படும் சந்திரசேகரின் இப்பணி, தமிழ்நாட்டில் அதிகம் பேசப்படாதது வியப்புக்குரியது.

நைனிதால் தொலைநோக்கியை நடத்தும் ஆர்யபட்டா ஆராய்ச்சி நிலையம், 2004-இல் மத்திய அறிவியல், தொழில்நுட்பத் துறையின் கீழ் வந்தது. நட்சத்திர ஒளியை இரு பிம்பங்களாகப் பிரித்து ஒப்பிடும் அதன் கருவி, செஃபியஸ் விண்மீன் குழுவில் உள்ள ஐசி 1396 உள்ளிட்ட பல முகில்களின் புலத்தைப் பதிவு செய்துள்ளது. முகிலுக்கு முன்னாலுள்ள நட்சத்திரம் எது, பின்னாலுள்ளது எது என்ற குழப்பத்தையும், 2013-இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் கையா விண்கலம் அளந்த தொலைவுகள் பெருமளவு நீக்கிவிட்டன.

ஆனால் இவ்வழியில் கிடைப்பது முகிலின் வெளிப்புறம் மட்டுமே. நட்சத்திரம் உருவாகும் அடர்ந்த மையத்தை ஒளி ஊடுருவாது. அங்கே தூசே உமிழும், மில்லிமீட்டருக்கும் குறைந்த அலைநீளக் கதிர்களைப் பிடித்தாக வேண்டும். அதற்கான பெருங்கருவிகள் ஹவாயிலும் சிலியிலும் உள்ளன, இந்தியாவில் இல்லை. ஹவாயின் 15 மீட்டர் மாக்ஸ்வெல் தொலைநோக்கியில் நடக்கும் பன்னாட்டுக் கூட்டாய்வில் இந்திய ஆய்வாளர்களும் இடம்பெற்றுள்ளனர்.

காற்றிலுள்ள நீராவி இக்கதிர்களை விழுங்கிவிடும் என்பதால், வறண்ட உயர்ந்த நிலம் வேண்டும். லடாக்கின் ஹான்லே, 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள அத்தகைய குளிர்பாலைவனம். இந்திய வானியற்பியல் நிறுவனம் அங்கே 2 மீட்டர் ஒளியியல் தொலைநோக்கியை இயக்கி வருவதால், கடுங்குளிரில் கருவிகளைப் பேணும் அனுபவமும் கைவசம் உள்ளது.