குதிக்கிற விரிப்பில் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை



முன்பெல்லாம் குழுவில் டூர் போவது என்றால் வண்டலூர் மிருகக்காட்சி சாலை, மாமல்லபுரம், முட்டுக்காடு படகுத்துறை என்றுதான் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம். இப்போது ஓ.எம்.ஆர். பக்கம் வேலைக்குப் போகிற நம்ம மகளும் மருமகளும் புதிதாக ஒரு பேரைச் சொல்கிறார்கள்: டிராம்போலின் பார்க். பேரப்பிள்ளைகளும் செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு அடம் பிடிக்கிறார்கள். "மெத்தை மாதிரிதானே இருக்கு, விழுந்தா அடிபடாது, கைக்குழந்தையைக்கூட விடலாம்" என்று பல சகோதரிகள் நினைக்கிறார்கள். ஆபத்தே இந்த நினைப்பில்தான் இருக்கிறது. போக வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. தெரிந்துகொண்டு போங்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

டிராம்போலின் என்றால் என்ன?

இரும்புச் சட்டத்தைச் சுற்றி நிறைய ஸ்பிரிங் மாட்டி, நடுவில் உறுதியான துணியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். அதில் குதித்தால் அது நம்மை மேலே தூக்கிப் போடும். ஊர்த் திருவிழாவிலும் பொருட்காட்சியிலும் 'ஜம்பிங்' என்று போடுகிறார்களே, அதற்கு இது அண்ணன். பார்க்கில் ஒரு பெரிய கொட்டகைக்குள் இப்படிப்பட்ட விரிப்புகளைத் தரை முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் பதித்திருப்பார்கள்.

சர்க்கஸில் பார் விளையாடுகிறவர்கள் கடைசியில் கீழே உள்ள வலையில் விழுந்து எகிறுவதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் ஜார்ஜ் நிஸ்ஸன் என்பவருக்கு அதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது. அவரும் அவருடைய பயிற்சியாளர் லாரி கிரிஸ்வோல்டும் 1930களில் இதைச் செய்தார்கள். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இது ஒரு போட்டியாகவே சேர்ந்தது. அந்தப் போட்டியில் தனித்தனியாகக் குதிக்கும்போது ஒரு விரிப்பில் ஒருவர்தான் குதிப்பார். பல வருடம் பயிற்சி எடுத்தவர்களுக்கே அப்படித்தான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கயிற்றுக் கட்டிலை நினைத்துப் பாருங்கள்

கயிற்றுக் கட்டிலில் குழந்தை உட்கார்ந்திருக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் 'பொத்' என்று உட்கார்ந்தால் என்ன ஆகும்? குழந்தை ஒரு பக்கமாகச் சாயும், சில சமயம் எகிறும். டிராம்போலினில் இதுவே பல மடங்காக நடக்கிறது.

15 கிலோ குழந்தையும் 60 கிலோ பெரியவரும் ஒரே விரிப்பில் குதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் மிதித்து அமுக்கிய வேகம் முழுவதும் விரிப்பில் சேர்ந்திருக்கும். அது மேலே எழும்புகிற நேரத்தில் குழந்தையின் கால் அதில் பட்டால், மெத்தையில் இறங்குகிற மாதிரி இருக்காது. கெட்டியான தரை எதிரே வந்து மோதுகிற மாதிரி இருக்கும். குழந்தை கீழே விழாமலே, நின்ற இடத்திலேயே முழங்காலுக்குக் கீழே எலும்பு முறியும். சின்னப் பிள்ளைகளுக்கு இப்படி அடிக்கடி முறிவதால் மருத்துவர்கள் இதற்கு 'டிராம்போலின் முறிவு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012இல் வெளியிட்ட அறிக்கை, 100 காயங்களில் ஏறக்குறைய 75, ஒரே விரிப்பில் ஒருவருக்கு மேல் குதித்தபோது வந்தவை என்கிறது. அப்படிச் சேர்ந்து குதிக்கும்போது, எடை கூடியவரைவிட எடை குறைந்த பிள்ளைக்கு அடிபடும் வாய்ப்பு 14 மடங்கு வரை அதிகம். அதனால்தான் 6 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை டிராம்போலினில் விட வேண்டாம் என்கிறார்கள். வீட்டில் போடுகிற டிராம்போலினை வைத்துத்தான் இந்தக் கணக்கில் பெரும்பகுதி எடுத்தார்கள். ஆனால் பார்க்குகள் பெருகியபோது அங்கேயும் காயம் பெருகியது. அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு டிராம்போலின் பார்க்கில் அடிபட்டு வந்தவர்கள் 2010இல் சுமார் 580 பேர். 2014இல் சுமார் 6,900 பேர்.

2025 மே மாதம் இஞ்சம்பாக்கத்தில் ஒரு பூங்காவின் ராட்டினம் நடுவானில் நின்றுபோய், தீயணைப்பு வீரர்கள் வந்து ஆட்களை இறக்கியதை டிவியில் பார்த்தோம். உயரமான ராட்டினத்தைப் பார்த்தால் நமக்குப் பயம் வருகிறது. தரையோடு இருக்கிற விரிப்பைப் பார்த்தால் வருவதில்லை. அதனால்தான் பிள்ளையை விட்டுவிட்டு நாம் செல்போனை எடுத்துவிடுகிறோம்.

போவதற்கு முன்னால்

கட்டணம் ஆளுக்கு மணிக் கணக்கில் வாங்குவார்கள். அதற்கென்று ஒரு வகைக் காலுறையைத் தனிக் காசு கொடுத்து வாங்கச் சொல்வார்கள். அடிப்பக்கம் ரப்பர் புள்ளி வைத்திருக்கும், வழுக்காது. வேடிக்கை பார்க்கிற பெரியவருக்கும் கட்டணம் உண்டா என்று போனிலேயே கேளுங்கள். இரண்டு பிள்ளைகளோடு போனால் ஒரு நாள் கூலியைத் தாண்டிவிடும். அதனால் டூர் பணத்தை வசூல் பண்ணுவதற்கு முன்னாலேயே மொத்தக் கணக்கையும் கூட்டத்தில் வைத்துப் பேசிவிடுங்கள்.

கூட்டம் குறைவான நாளாகப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் பள்ளி விடுமுறை நாளும் நெரிசலாக இருக்கும். நெரிசல் இருந்தால் 'ஒரு விரிப்பில் ஒரு பிள்ளை' என்பது நடக்காது.

கொலுசு, வளையல், அரைஞாண், ஹேர்பின், சேப்டி பின் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். துப்பட்டா, தொங்குகிற நாடா வேண்டாம். சாப்பிட்ட உடனே குதிக்க விடாதீர்கள்.

உள்ளே போன பிறகு

1. ஒரு விரிப்பில் ஒரு பிள்ளைதான். அண்ணன் தம்பியாக இருந்தாலும் சேர்ந்து வேண்டாம்.

2. 6 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பெரிய விரிப்பு வேண்டாம். பந்துக் குளம், சறுக்கு மரம் என்று சிறு பிள்ளைகளுக்குத் தனி இடம் இருந்தால் அங்கே விடுங்கள். இல்லையென்றால் டிக்கெட்டே எடுக்காதீர்கள்.

3. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டோ கையைப் பிடித்துக்கொண்டோ நாம் குதிக்கக் கூடாது. பாசத்தில் செய்வதுதான், ஆனால் நம்ம எடைதான் குழந்தையின் காலை முறிக்கும்.

4. குட்டிக்கரணம் வேண்டாம். கழுத்தும் முதுகெலும்பும் அதில்தான் போகும். பஞ்சுக் கட்டிகள் நிரப்பிய குழியில் தலைகீழாகக் குதிக்கக் கூடாது. ஒரு பிள்ளை ஏறி வந்த பிறகுதான் அடுத்த பிள்ளை.

5. ஊழியர் நிற்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் கண் உங்கள் பிள்ளை மேலேயே இருக்கட்டும்.

நமக்கும் ஒரு வார்த்தை. கர்ப்பமாக இருப்பவர்கள், முதுகுவலி, மூட்டுவலி உள்ளவர்கள் குதிக்க வேண்டாம். பிள்ளை பெற்ற நிறையப் பேருக்குக் குதித்தால் சிறுநீர் கசியும், கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்களுக்குத் தொந்தரவு கூடும். வெட்கப்பட்டுக்கொண்டு மற்றவர் கூப்பிட்டதற்காக ஏறாதீர்கள். அந்தத் தொந்தரவுக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை இருக்கிறது, தள்ளிப்போடாமல் போய்க் காட்டுங்கள்.

கையெழுத்துக் கேட்டால்

"அடிபட்டால் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஒரு தாளிலோ செல்போனிலோ ஒப்புதல் வாங்குவார்கள். படித்துப் பார்க்காமல் போடாதீர்கள். ஆங்கிலத்தில் இருந்தால் படித்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டதாலேயே எல்லா உரிமையும் போய்விடாது. கிழிந்த விரிப்பு, மூடாத ஸ்பிரிங், ஆள் இல்லாத மேற்பார்வை என்று அவர்கள் பக்கம் குறை இருந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் வழக்குப் போடலாம். நாம் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. டிக்கெட், போட்டோ, மருத்துவச் சீட்டு மூன்றையும் பத்திரமாக வையுங்கள்.

அடிபட்டுவிட்டால்

பிள்ளை காலை ஊன்ற மாட்டேன் என்று அழுதால், வீக்கம் இல்லையென்றாலும் எலும்பு விரிந்திருக்கலாம். உருவி விடுவது, எண்ணெய்க் கட்டுப் போடுவது வேண்டாம். காலை அசைக்காமல் தூக்கிக்கொண்டு போய் முதலில் எக்ஸ்ரே எடுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம்ம பக்கத்திலேயே இருக்கிறது. முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். வலி விடவில்லையென்றால் மறுபடி காட்டுங்கள். கழுத்து, முதுகு வலிக்கிறது என்றாலோ கைகால் மரத்துப்போனது என்றாலோ பிள்ளையைத் தூக்கவே கூடாது. அப்படியே படுக்க வைத்து 108க்குப் போன் பண்ணுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு என்ன செய்வது?

குதிப்பது பிள்ளைகளுக்கு நல்லதுதான், காலும் நெஞ்சும் பலப்படும். அதற்கு ஸ்பிரிங் தேவையில்லை. கோவளம் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. அந்த மணலில் 4 வயதுப் பிள்ளை நாள் முழுக்கக் குதிக்கலாம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு டிக்கெட் கிடையாது. தண்ணீரில் மட்டும் இறக்காதீர்கள், அங்கே அலை இழுக்கும்.

சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநர் இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். டூர் தீர்மானம் போடும்போது பிள்ளைகளின் வயதையும் எழுதி, 6 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்று இரண்டு பேரின் பெயரையும் எழுதுங்கள். பெயர் எழுதிவிட்டால் பொறுப்பு தானாக வரும் என்பது சேமிப்புக் கணக்கிலேயே நாம் கற்றுக்கொண்டதுதானே!