அழகியா, அரக்கியா?

1969 ஆகஸ்ட் 29 அன்று ரோமிலிருந்து கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. விமானத்தைப் பாலஸ்தீனர் இருவர் டமாஸ்கஸுக்குக் கடத்தினார்கள். ஒருவர் லைலா காலித், மற்றவர் சலீம் இசாவி. பத்திரிகைகள் லைலாவை அழகி என்றன. விரல் மோதிரத்தைக்கூட எழுதின. சலீமின் அழகை யார் எழுதினார்கள்? 1970-ல் மறுபடி கடத்தப் போகுமுன், அடையாளம் தெரியாமலிருக்க லைலா அறுவை சிகிச்சையால் முகத்தையே மாற்றிக்கொண்டார்!

பெண் ஆயுதம் எடுத்தால் 'அழகி', இல்லேன்னா 'அரக்கி', அதுவும் இல்லேன்னா 'யாரோ ஏமாத்திட்டாங்க'. மூன்றிலும் அவள் ஏன் செய்தாள் என்ற கேள்வி காணாமல் போகிறது. உயிரைக் கையில் பிடித்திருந்த பயணிகளும் காணாமல் போகிறார்கள்.

எங்க வீட்டில் பேப்பர் படித்துச் சொல்லும் முதல் ஆள் நான். நான் படிப்பதை அம்மா அப்படியே நம்புகிறார். அதனால் கேட்கிறேன்: குற்றத்தை எழுதுங்க, காரணத்தையும் எழுதுங்க. அழகை அளக்காதீங்க.