வயல் ஒருவருக்கு, விளைச்சல் யாருக்கு? – ஜாவா கிராமத்தை வகுப்பறையில் அறிமுகப்படுத்துதல்

தமிழ்நாட்டின் பரப்பு 1,30,060 சதுர கிலோமீட்டர். இந்தோனேசியாவின் ஜாவா தீவும் ஏறத்தாழ அதே அளவுதான். 2011 கணக்கெடுப்பின்படி நம் மாநில மக்கள்தொகை 7.21 கோடி, 2010 கணக்கெடுப்பின்படி ஜாவாவில் 13.66 கோடி. இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அங்குள்ள உழவர்களில் பெரும்பாலோரிடம் அரை எக்டேருக்கும் குறைவான நிலமே உள்ளது என்று சொன்னேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “அதுல எப்படி சார் ஒரு குடும்பம் சாப்பிடும்?”

எரிமலைச் சாம்பல் கலந்த வளமான மண், நல்ல மழை, மலையிலிருந்து இறங்கும் வாய்க்கால்கள், ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் என்று வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டேன். அவள் கேட்டது விளைச்சலைப் பற்றி மட்டும் அல்ல, பங்கைப் பற்றியும்தான் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. சமூக அறிவியல் ஆசிரியர்கள் மட்டுமல்ல, கணக்கு ஆசிரியர்களும் எடுத்துக்கொள்ளத்தக்க செய்திகள் இதில் உண்டு.

அரை எக்டேருக்குக் குறைவாக வைத்திருப்பவரை இந்தோனேசியாவில் ‘பெதானி குரெம்’ என்பார்கள். ‘பெதானி’ என்றால் உழவர். ‘குரெம்’ என்பது கோழிப்பேன். கசப்பான கேலிதான். அரை எக்டேர் என்பது 5,000 சதுர மீட்டர், சுமார் 124 சென்ட். நான்கு பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 31 சென்ட். அவர்களுக்கும் நந்நான்கு பிள்ளைகள் என்றால் பேரப்பிள்ளைக்கு எட்டு சென்ட்கூட மிஞ்சாது. மாணவர்களையே போட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

ஜாவாவில் மகளுக்கும் நிலத்தில் பங்கு உண்டு. பழைய வழக்கு ஒன்று மகனுடைய பங்கைக் காவுதடியின் இருபுறமும் தொங்கும் சுமைக்கும், மகளுடைய பங்கை முதுகில் துணியால் கட்டிய ஒற்றைச் சுமைக்கும் ஒப்பிடும்; அதாவது இரண்டுக்கு ஒன்று. சமமாகப் பிரிக்கும் குடும்பங்களும் ஏராளம். பெற்றோர் வீடு பெரும்பாலும் கடைசிவரை அவர்களைப் பார்த்துக்கொண்ட பிள்ளைக்கு, பல இடங்களில் கடைக்குட்டிக்கு. துண்டு மிகவும் சிறுத்துவிட்டால் சில குடும்பங்கள் வயலைப் பிரிப்பதே இல்லை. இந்த ஆண்டு அக்கா, அடுத்த ஆண்டு தம்பி என்று முறைவைத்துப் பயிரிடுகிறார்கள்.

நிலமும் ஒரே வகை அல்ல. நெல் விளையும் நீர்ப்பாசன வயல் ‘சவா’. மானாவாரிக் காடு ‘தெகால்’. வீட்டைச் சுற்றிய தோட்டம் ‘பெகாரங்கன்’. இந்த மூன்றாவதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. தென்னை, வாழை, பலா, மரவள்ளி, மூங்கில், மஞ்சள், இஞ்சி, நாலைந்து கோழி, சில இடங்களில் ஒரு மீன்குட்டை. அரிசி தீர்ந்த மாதங்களில் வீட்டைத் தாங்கியது இதுதான். வயல் இல்லாமல் இந்தத் தோட்டம் மட்டும் உள்ளவர்களும், அதுவும் இல்லாமல் பிறர் மனையில் குடிசை போட்டிருப்பவர்களும் ஊரில் உண்டு. மரபு வழக்கப்படி நிலம் ஒருவருடையதாகவும் அதன்மேல் நிற்கும் வீடோ தென்னையோ இன்னொருவருடையதாகவும் இருக்கலாம். ஜாவாவின் பழைய மரவீடுகள் ஆணி அடிக்காமல் பொருத்தப்பட்டவை. பிரித்து எடுத்துப் போய் வேறு ஊரில் நிறுத்திவிடுவார்கள். அங்கே வீடும் அசையும் சொத்துதான்!

ஊர்த்தலைவருக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் சம்பளத்துக்குப் பதிலாகப் பதவிக்காலம்வரை விடப்படும் பொது நிலம் ‘பெங்கோக்’. நம் பக்கத்து மானிய நிலத்தை நினைவூட்டும் ஏற்பாடு இது. வாரத்துக்கு விடுவதும் உண்டு: பாதிக்குப் பாதி என்றால் ‘மாரோ’, மூன்றில் ஒரு பங்கு என்றால் ‘மெர்தெலு’. ஒத்திக்கு வைப்பதும் குத்தகைக்கு விடுவதும் அன்றாடம் நடப்பவை.

வெளியிலிருந்து வந்த ஆட்சியாளர்கள் ஒவ்வொருவரும் இந்தச் சிக்கலுக்குள் ஒற்றைக் கேள்வியோடு நுழைந்தார்கள்: நிலம் யாருடையது, வரி யார் கட்டுவது? 1811இல் ஆங்கிலேயர் ஜாவாவைப் பிடித்தபோது உடன் சென்ற காலின் மெக்கன்சி, அங்குள்ள நிலவுடைமையை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை ஏற்றார். சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் நாம் பார்க்கும் மெக்கன்சி சுவடிகளைத் திரட்டிய அதே மனிதர்தான். அக்காலத்தில் ராஃபிள்ஸ் புகுத்திய நிலவரியில் நம் பகுதி ரயத்துவாரி முறையின் சாயல் உண்டு. 1830இல் டச்சுக்காரர்கள் ஊர் நிலத்தில் ஐந்தில் ஒரு பகுதியில் கரும்பு, அவுரி போன்ற ஏற்றுமதிப் பயிர்களை விளைவிக்கவேண்டும் என்றார்கள். நடைமுறையில் அதற்கு மேலும் பிடுங்கினார்கள். அவர்கள் விட்டுச்சென்ற ‘லெட்டர் சி’ என்ற ஊர் வரிப்பதிவேடு இன்றும் ஊர் அலுவலகங்களில் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் நிலச் சட்டத்துக்குப் பிறகும் பட்டா வாங்காமல் இந்தப் பதிவேட்டையே நம்பியிருந்தவர்கள் மிகப் பலர். 2017 முதல்தான் ஊர் ஊராக அளந்து பதியும் பணி வேகம் பிடித்தது.

ஆனால் எந்தப் பதிவேட்டிலும் ஏறாத உரிமை ஒன்று இருந்தது. என் மாணவியின் கேள்விக்கான பதில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

1960கள்வரை ஜாவாவில் நெல் அறுவடை பெண்களின் வேலை. கருவி ‘அனி-அனி’: உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு கத்தி. தட்டையோடு அரிவதில்லை, ஒவ்வொரு கதிராகக் கொய்வார்கள். நெல்லின் தாயான தேவி ஸ்ரீ கத்தியைக் கண்டு அஞ்சிவிடக் கூடாது என்பதற்காகவே அது கைக்குள் மறைந்திருக்கிறது என்பது நம்பிக்கை. வேலை மெதுவாக நகரும், ஆள் நிறையத் தேவை. ஆகவே அறுவடை நாளில் யார் வேண்டுமானாலும் வயலுக்கு வரலாம். வந்தவர்களுக்குக் கூலி, கொய்ததில் ஒரு பங்கு. அதன் பெயர் ‘பாவோன்’. நெருங்கிய உறவுக்கும் அண்டைவீட்டுக்கும் பங்கு கூடுதல், தூரத்தவர்க்குக் குறைவு. சென்ட் நிலம்கூட இல்லாத பெண் இப்படிப் பல வயல்களில் இறங்கிச் சில மாத அரிசியைச் சேர்த்துவிடுவாள். பிறகு நெல் குத்தும் வேலையும் அவளுக்கே.

பசுமைப் புரட்சியின் குட்டை ரக நெல் வந்தது. விளைச்சல் கூடியது, 1984இல் இந்தோனேசியா அரிசியில் தன்னிறைவை எட்டியது. அதை மறுப்பதற்கில்லை. ஆனால் குட்டை ரகத்துக்கு அரிவாள்தான் வசதி. அரிவாளுக்கு ஆள் குறைவாகப் போதும். 1970களில் ‘தெபாசன்’ முறை பரவியது: விளைந்து நிற்கும் பயிரை அப்படியே வியாபாரிக்கு விற்றுவிடுவது. அவர் தன் அரிவாள் ஆட்களோடு வந்து அறுத்துப் போவார். நில உரிமையாளருக்கு இதில் இன்னொரு நிம்மதியும் உண்டு. வயலுக்கு வந்துவிட்ட பக்கத்து வீட்டுப் பெண்ணை அவரால் ‘போ’ என்று சொல்ல முடியாது, வியாபாரியால் முடியும். அதே ஆண்டுகளில் அரவை ஆலைகளும் வர, உலக்கையும் ஓய்ந்தது. பட்டாவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஊரில் பாதிப்பேரின் சொத்து கைவிட்டுப் போனது.

பிறகு என்ன செய்தார்கள்? நடந்தார்கள், சைக்கிளில் போனார்கள், பேருந்து ஏறினார்கள். வெளியே போவது அவர்களுக்குப் புதிதும் அல்ல. ஜாவாவில் ஏழுநாள் வாரத்தோடு ஐந்துநாள் சந்தை வாரமும் உண்டு: லெகி, பாஹிங், போன், வாகே, கிலிவோன். ஓரூரில் லெகி அன்று சந்தை என்றால் அடுத்த ஊரில் பாஹிங் அன்று. முதுகில் கூடையைக் கட்டிய பெண் வியாபாரிகள் இப்படியே சுற்றிவருவார்கள். சந்தையில் பேரம் பேசுவது பெரும்பாலும் பெண்கள் ராஜ்ஜியம். இரண்டு வாரங்களும் மீண்டும் ஒரே நாளில் பொருந்த 35 நாள் ஆகும். பிறந்தநாள் பலனும் விருந்து நாளும் இந்தச் சுற்றில்தான் கணிக்கிறார்கள். மீ.சி.ம. நடத்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

நெடும் பயணங்களும் பழையவையே. 1890 முதல் 1939வரை சுமார் 33,000 ஜாவானியர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென் அமெரிக்காவின் சுரிநாமுக்குக் கப்பலேறினார்கள். 1905இல் நடு ஜாவாவிலிருந்து 155 குடும்பங்கள் சுமத்ராவின் லாம்புங் பகுதியில் குடியேற்றப்பட்டன. புது ஊருக்குத் தங்கள் பழைய ஊரான பாகெலென் பெயரையே வைத்தார்கள். இன்று இளம்பெண்கள் வீட்டுவேலைக்கு ஹாங்காங், தைவான், மலேசியா போகிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் ஓட்டுவீடு எழுகிறது, ஒத்தி வயல் மீட்கப்படுகிறது.

தெகால் நகரச் சுற்றுவட்டார மக்கள் ஜகார்த்தாவில் நடத்தும் ‘வார்தெக்’ என்னும் மலிவுச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றிச் சொன்னபோது என் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. பல கடைகளைச் சொந்தக்காரர்கள் முறைவைத்து நடத்துகிறார்கள். மூன்று நான்கு மாதம் ஒரு குடும்பம் கடையில். பிறகு அது ஊருக்குத் திரும்ப, உறவுக் குடும்பம் நகரத்துக்குப் போகும். பங்கிட முடியாத வயலுக்கு வைத்த அதே முறைதான்.

ரமலான் நோன்பு முடியும் பெருநாளுக்கு எல்லோரும் ஊர் திரும்புவதற்கு ‘முதிக்’ என்று பெயர். நாடு முழுவதும் கோடிக்கணக்கானோர் புறப்படுவார்கள். மோட்டார் சைக்கிளில் மனைவி, குழந்தை, பின்னால் பலகை கட்டி அட்டைப்பெட்டி. பெற்றோர் முழங்காலில் தலைவைத்து மன்னிப்புக் கேட்பார்கள், முன்னோர் கல்லறைகளுக்கு மலர் தூவுவார்கள். உடன்பிறந்தோர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் நாள்கள் அவை மட்டுமே என்பதால், அடுத்த போகம் யார் முறை, ஒத்தியை யார் மீட்பது என்ற பேச்சும் அப்போதுதான் எழும்.