மலிவாக வந்த சாவி

சென்ற ஜூலை மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது, நண்பர்கள் இருவரிடம் சற்றுப் பெருமையாகவே ஒரு சமாச்சாரம் சொன்னேன். பேரனுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றை ஏறத்தாழப் பாதி விலைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்றும், எந்தக் கடையில் வாங்கினேன் என்றும் சொன்னேன். அவர்களும் குறித்துக்கொண்டார்கள். அந்தப் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

பேரனுக்குப் பதின்மூன்று வயது. ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்று வேண்டும் என்று பொங்கல் காசு, பிறந்தநாள் காசு எல்லாம் சேர்த்து வைத்திருந்தான். ரயில் என்றதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஸ்டீம் கடையில் விலை 1,499 ரூபாய். "தாத்தா, இங்கேயே வாங்கிடலாம்" என்றான். நான்தான் கேட்கவில்லை. இணையத்தில் மறுவிற்பனைக் கடை ஒன்றில் அதே விளையாட்டு 560 ரூபாய் என்று போட்டிருந்தது. பணம் கட்டும்போது சேவைக் கட்டணம், வெளிநாட்டு நாணயத்துக்கு வங்கிக் கட்டணம் என்று ஏறி 790 ஆயிற்று. அப்படியும் லாபம்தானே என்று நினைத்தேன். 'கீ' எனப்படும் எழுத்தும் எண்ணும் கலந்த சாவி வந்தது. ஸ்டீம் கணக்கில் இட்டதும் விளையாட்டு இறங்கியது. ஆறு வாரம் ஓட்டினான். ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் பள்ளிவிட்டு வந்து பார்த்தால் விளையாட்டைக் காணோம். பணம் செலுத்தியதில் கோளாறு, சாவி ரத்து செய்யப்பட்டது என்று ஒரு செய்தி மட்டும் இருந்தது.

மறுவிற்பனைக் கடைக்கு எழுதினேன். விற்றவர் தங்கள் தளத்தில் இப்போது இல்லை என்று பதில் வந்தது. பணம் வரவில்லை. ஸ்டீமில் நேரடியாக வாங்கியிருந்தால், பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வெளியே வாங்கிய கீக்கு அந்தச் சலுகை கிடையாது.

பிறகுதான் இதன் சூட்சுமத்தை உட்கார்ந்து படித்தேன். திருட்டு கிரெடிட் கார்டு வைத்திருப்பவன் அசல் கடையில் கீக்களை வாங்குகிறான். வாங்கியதை மறுவிற்பனைச் சந்தையில் பாதி விலைக்குத் தள்ளிப் பணமாக்குகிறான். கார்டின் சொந்தக்காரர் பில்லைப் பார்த்துவிட்டு வங்கியில் புகார் செய்கிறார். வங்கி, பணத்தை அசல் கடையிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, அபராதமும் போடுகிறது. விளையாட்டைத் தயாரித்தவன் வேறு வழியின்றிக் கீயை ரத்து செய்கிறான். திருடனுக்கு மட்டும் நஷ்டமில்லை.

இது கட்டுக்கதையல்ல. 2015 ஜனவரியில் யூபிசாஃப்ட் நிறுவனம் இப்படி வந்த கீக்களை ரத்து செய்தது. வாங்கியவர்கள் கூச்சலிட்ட பிறகு, ஏற்கெனவே விளையாடத் தொடங்கியிருந்தவர்களுக்கு மட்டும் திருப்பித் தந்தது. செக் நாட்டின் வூபே என்ற சிறிய நிறுவனம் ஃபாக்டோரியோ என்ற விளையாட்டைச் செய்தது. அதில் தொழிற்சாலை மட்டுமல்ல, தண்டவாளமும் சிக்னலும் கூட உண்டு. அவர்களிடமிருந்து திருடப்பட்ட 198 கீக்கள் தன் சந்தையில் விற்கப்பட்டதை ஜி2ஏ என்ற மறுவிற்பனை நிறுவனமே 2020-ல் ஒப்புக்கொண்டு, சுமார் 39,600 டாலர் கொடுத்தது. எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் அப்படிக் கிடைப்பதில்லை.

எல்லா மலிவுக் கீயும் திருட்டுச் சரக்கு என்று நான் சொல்லவில்லை. விலை குறைந்த நாட்டில் வாங்கியவையும் உண்டு. ஆனால் அவற்றில் சில அந்த நாட்டுக்கு மட்டுமே செல்லும், நம் கணக்கில் ஏறாது. பத்திரிகைக்காரன் என்று பொய் சொல்லி இலவசமாக வாங்கியவையும் உண்டு. வாங்குகிற நமக்கு எது எந்த வகை என்று தெரிய வழியில்லை.

சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவன் நான். டோக்கன் முறையில் இயங்கிய ஒற்றைப் பாதையில் டோக்கன் பந்து கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். பந்து அசலாக இருந்தால் மட்டும் போதாது. இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களும் பேசி, மெஷினிலிருந்து முறைப்படி வெளிவந்த பந்தாக இருக்கவேண்டும். ஊழியர்களுக்கு இதைப் பாடமாக எடுத்தவன், கீ விஷயத்தில், அது எந்த வழியில் வந்தது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. மலிவு கண்ணை மறைத்துவிட்டது.

ஆகவே அன்பர்களே, பேரப்பிள்ளைகளுக்கு வாங்குவதாக இருந்தால் ஸ்டீம் போன்ற அசல் கடையிலோ, ஹம்பிள், ஃபனடிகல் போன்று தயாரிப்பாளரின் சம்மதத்துடன் விற்கும் கடையிலோ வாங்குங்கள். ஸ்டீமில் கோடையிலும் டிசம்பரிலும் பெரிய தள்ளுபடி வரும், அதுவரை பொறுக்கலாம். தெரியாத கடையில் கார்டு எண்ணைக் கொடுத்து, கணக்கில் நாம் செய்யாத செலவு தென்பட்டால், உடனே வங்கியில் சொல்லிக் கார்டை முடக்கிவிட்டு, 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

டிசம்பர் தள்ளுபடியில் அதே விளையாட்டை 750 ரூபாய்க்கு என் செலவில் வாங்கிக் கொடுத்தேன். பேரன் காசு 790-ஐயும் அவன் உண்டியலில் போட்டேன். வேண்டாம் என்றான், நான் விடவில்லை. "பரவாயில்ல தாத்தா, அந்தக் கார்டுக்காரர் பாவம், அவருக்குப் பணம் திரும்பக் கிடைச்சிருக்குமா?" என்று கேட்டான். வங்கி கொடுத்திருக்கும் என்றேன். அந்த ஆள் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. ஆறு வாரம் அவர் காசில் என் வீட்டில் ரயில் ஓடியிருக்கிறது.

காபி வேளையில் குறித்துக்கொண்ட நண்பர்கள் இருவரும் அந்தக் கடையின் பெயரைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.