உறக்கம் குறைந்த உற்சாகம்

சிக்பேட்டையில் நாற்பது வருஷமாக ஜவுளி வியாபாரம் செய்பவன் நான், மருத்துவன் அல்லன். மலருக்கு வழக்கம்போலச் சீவக சிந்தாமணி பற்றி எழுதச் சொன்னார்கள். இம்முறை வேறொன்று. சென்ற ஆண்டு எனக்கு இருமுனைக் கோளாறு, அதாவது பைபோலார் இரண்டாம் வகை என்று மருத்துவர் சொன்னார். "இந்த வயசுலயா?" என்றாள் மனைவி. வியாதி பழையது, பெயர்தான் இப்போது தெரிந்தது.

சோர்வுப் பக்கம் யாருக்கும் தெரியும். கடை திறக்க மனம் வராது, சோறு இறங்காது. மறுபக்கம்தான் ஏமாற்றும். ஹைப்போமேனியா என்பார்கள். வழக்கத்துக்கு மாறான எழுச்சியோ எரிச்சலோ, கூடவே மிகுந்த வேகமும், குறைந்தது 4 நாள் தொடர்ந்தால் அதைக் கணக்கில் எடுக்கிறார்கள். ஓயாத பேச்சு, ஒன்றையொன்று துரத்தும் எண்ணங்கள், தன்னைப் பற்றிய பெருமிதம், கண்மண் தெரியாத செலவு எல்லாம் சேர்ந்து வரும். முழு மேனியாவைப் போல நிதானம் அறவே போகாது. ஆகவேதான் வீட்டார் வியாதி என்று நினைப்பதில்லை.

தூக்கத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தூக்கம் வராமல் புரண்டு மறுநாள் வாடிப்போவது வேறு. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுத் தெம்பாக எழுந்து நிற்பது வேறு. இரண்டாவதுதான் எச்சரிக்கை.

"முன்னாடி இப்படி இருந்ததுண்டா?" என்று மருத்துவர் கேட்டபோது இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து பழைய நாள்வழிக் கணக்கைப் புரட்டினேன். 1994, 2003, 2011 என்று மூன்று இடத்தில், விற்பனைக்குச் சம்பந்தமே இல்லாத கொள்முதல். 2003இல் ஒரே வாரத்தில் சேலத்துப் பட்டும் ஆரணிப் பட்டும் கடன் சரக்காக வந்திருக்கின்றன. கையெழுத்துகூடப் பெரிதாகிக் கோட்டைத் தாண்டி ஓடுகிறது. அதை அடைக்க மனைவியின் நகை அடகுக்குப் போயிற்று. அதே வாரத்தில் சிந்தாமணிக்கு நாற்பது பக்கம் குறிப்பும் எழுதியிருக்கிறேன். பாதி பரவாயில்லை, பாதி உளறல். "நயினார் என்ன சுறுசுறுப்பு!" என்று பேர் வாங்கியதும் அப்போதுதான். அடுத்த இரண்டு மூன்று மாதம் ஏட்டில் என் கையெழுத்தே இல்லை, கணக்குப்பிள்ளை எழுதியிருக்கிறார்.

அந்த நேரத்தில் நமக்கே தெரியாது என்பதுதான் சங்கடம். "ஏங்க, பேச்சு வேகமா இருக்கு" என்றால் கோபம் வரும். அந்தக் கோபமும் ஓர் அறிகுறிதான். அதனால் தூங்கிய நேரத்தை மனைவி ஒரு நோட்டில் எழுதுகிறாள். அடுத்தடுத்து இரண்டு இரவு ஐந்து மணிக்குக் குறைந்தால் மருத்துவருக்குப் போன். பெரிய கொள்முதலுக்கு மகன் கையெழுத்து வேண்டும். முதலில் அவமானமாக இருந்தது, மறைக்கவில்லை.

மருந்து விஷயம். ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் இந்நோய்க்குப் பயன்படும் என்று கண்ட லித்தியம் இன்றும் பயன்படுகிறது. அவ்வப்போது இரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகத்தையும் தைராய்டையும் பார்க்க வேண்டும். நம் சமணர்கள் கவனிக்க: நீரும் அருந்தாத உபவாசத்தால் உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகலாம். மருத்துவரைக் கேட்காமல் விரதம் ஏற்காதீர்கள், கேட்காமல் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். சோர்வுக்கான மாத்திரை மட்டும் தனியே கொடுத்தால் சிலருக்கு எழுச்சி கிளம்பிவிடும். ஆகவே பழைய உற்சாக வாரங்களையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ், 1974 முதல் அந்தப் பெயரில், நம் ஊரிலேயே இருக்கிறது. நேரில் போகத் தயங்குபவர்கள் 2022இல் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416க்குப் பேசலாம். கட்டணமில்லை, தமிழிலும் பேசுவார்கள்.