பால்மரத்துக்கு ஏன் வலிமை குறைந்த அமிலம்?

வலிமை மிகுந்த அமிலம் கைக்கெட்டும்போது வலிமை குறைந்ததை யாராவது ஏன் வாங்க வேண்டும்? வேதியியல் படிக்கும் பிள்ளைகள் கேட்கும் நியாயமான கேள்வி இது. விடையைச் சிங்கப்பூரிலேயே, தாவரவியல் பூங்காவின் ரப்பர் மரங்களிலிருந்து தொடங்கலாம். 1877-ல் லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து இங்கே 22 நாற்றுகள் வந்தன. 1888-ல் பூங்காவின் பொறுப்பேற்ற எச். என். ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையை வகுத்தார். கதையை இத்தோடு நிறுத்தி, ஒருவரின் கத்தியே ஒரு தொழிலைப் படைத்ததாகச் சொல்வது வழக்கம். ஆனால் வெட்டிய பால் அப்படியே கிடந்தால் நாறிப்போகும். அமேசானில் அதைப் பனங்கொட்டைப் புகையில் காட்டி உறைய வைத்தார்கள். அந்தப் புகையில் அசிட்டிக் அமிலம் இருந்தது. 1899-ஐ ஒட்டி இலங்கையின் பேராதனையில் ஜான் பார்க்கின் அந்த அமிலத்தை நேரடியாகவே பாலில் கலந்து காட்டினார். பின்னாளில் ஃபார்மிக் அமிலம் வழக்கத்துக்கு வந்தது. இரண்டுமே வலிமை குறைந்தவை. வரலாறு இவ்வளவு போதும்.

செம்பவாங்கிலும் மலாயாத் தோட்டங்களிலும் தமிழர்கள் வெட்டிக் கொண்டுவந்த பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர். அதன் நுண்துகள்கள் ஒவ்வொன்றையும் புரதமும் கொழுப்பும் போர்த்தியிருக்கின்றன. அந்தப் போர்வையில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. அமிலம் தரும் ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னூட்டத்தைத் தணிக்கின்றன. பிஎச் 5-க்கும் 4.5-க்கும் இடையில் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. காய்ச்சிய பாலில் எலுமிச்சை பிழிந்து பன்னீர் எடுக்கும்போதும் இதுதான் நடக்கிறது. கேசீன் புரதத்தின் மின்னூட்டம் பிஎச் 4.6-ஐ நோக்கி இறங்க இறங்கத் தணிந்து பால் திரிகிறது. பன்னீரைத் துணியில் கட்டிப் பிழிவதுபோல் ரப்பர்க் கட்டியை உருளைகளுக்கிடையே கொடுத்து நீரை வெளியேற்றுகிறார்கள். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் வலிமை குறைந்ததே. பன்னீரில் புரதமே சரக்கு, ரப்பரில் அது மேல்போர்வை மட்டும் என்பதுதான் வேறுபாடு.

இதில் வியக்க வைப்பது அளவு தவறும்போது நடப்பது. அமிலம் மிகுந்துவிட்டால் போர்வையின் மின்னூட்டம் நேர்மின்னாக மாறி, துகள்கள் மறுபடி விலகத் தொடங்கும். வலிமை மிகுந்த அமிலத்தை வேகமாகக் கொட்டினால் பால் உறையாமலே நின்றுவிடும். தொட்டியில் பாலுக்கு நீர் சேர்த்து, அமிலம் ஊற்றித் துடுப்பால் கலக்கி, நுரையை வழித்தெடுத்து, அலுமினியத் தகடுகளைச் செருகி வைக்கும் தொழிலாளி, அந்தக் குறுகிய இடைவெளியைத் தவறவிடக் கூடாது. இலக்கை எட்ட லிட்டருக்கு 10 மில்லிமோல் அமிலம் தேவை என்றும், கைதவறி அது இரட்டிப்பாகிவிட்டது என்றும் வைத்துக்கொள்வோம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் முழுவதும் அயனியாகிவிடுவதால், உபரி அத்தனையும் வெளியே நின்று பிஎச்சை 2-க்கு இறக்கும். ஃபார்மிக் அமிலமோ உபரியின் பெரும்பகுதியைப் பிரியாமலே வைத்திருக்கும், பிஎச் 3.75 அருகில் நிற்கும். தோராயக் கணக்குதான், ஆனாலும் வெளியே திரியும் அயனிகளில் ஐம்பது மடங்குக்கும் மேல் வித்தியாசம். பால் கேட்கக் கேட்கக் கொடுத்து, கேட்காதபோது பிடித்துவைக்கும் இந்தக் குணத்தால்தான் மறுநாள் காலையில் தொட்டி முழுக்க ஒரே சீரான வெள்ளைக் கட்டி கிடைக்கிறது.

கந்தக அமிலம் மலிவாயிற்றே என்று கேட்கலாம். இன்றும் சில சிறுதோட்டக்காரர்கள் அதைத்தான் ஊற்றுகிறார்கள். ரப்பர் உறையத்தான் செய்கிறது. ஆனால் ஆவியாகாத அந்த அமிலம், உருளையில் தட்டையாகி வரும் ரப்பர்த் தாளில் தங்கி அதன் தரத்தைக் கெடுக்கிறது. ஃபார்மிக் அமிலம் ஏறக்குறைய 101 டிகிரியில் கொதிப்பது. உருளையில் நீரோடு போனது போக, எஞ்சியது உலர்த்தும் சூட்டில் ஆவியாகிவிடும். அப்படியானால் வலிமை குறைந்ததெல்லாம் ஆபத்தற்றதா? விளம்பரங்கள் அப்படித்தான் நம்ப வைக்கின்றன. அது தவறு. அடர்ந்த ஃபார்மிக் அமிலம் தோலைப் புண்ணாக்கும். சில்லுத் தொழிற்சாலைகளில் சிலிக்கன் ஆக்சைடை அரிக்கப் பயன்படும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் வலிமை குறைந்த வகைதான். தோல் வழியே இறங்கி உயிரையே பறிக்கக்கூடியது. எவ்வளவு எளிதில் அயனியாகிறது என்பதை மட்டுமே வலிமை சொல்லும். எவ்வளவு தீங்கு செய்யும் என்பதைச் சொல்லாது. ஆகவே 'மென்மையான அமிலம்' என்று எழுதிய புட்டியைக் கண்டால், உள்ளே இருப்பது எந்த அமிலம், எத்தனை சதவீதம் என்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.